திட்டினால் பெட்டை, சும்மா இருந்தால் கடுவன்

என் புருஷனைத் திட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பெரிங் கடலில் காற்று ஓய்ந்தாலும் உஸ்தினியாவின் வாய் ஓயாது என்று எங்கள் தீவில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் கடல்நாய் அடிக்கிற களத்தில், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் பார்க்க, ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அவரைத் திட்டப் போகிறேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் புருஷன் தெரெந்திக்குக் களத்தில் ஒரே வேலைதான். "விடு" என்று சொல்வது. கரையோரம் படுத்துக் கிடக்கும் இளவட்டக் கடுவன்களை ஆட்கள் விடிந்ததும் விடியாததுமாக எழுப்பி, அவசரப்படுத்தாமல் புல்வெளிக்கு ஓட்டி வருவார்கள். கல்யாணம் ஆகாத பயல்கள் அவை. பெரிய கடுவன்கள் ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் இரண்டு மாதம் பெண்டாட்டிகளுக்குக் காவல் இருக்கும். அந்தப் பக்கம் போனால் கடி விழும் என்று பயந்து இந்தப் பயல்கள் தனியாக ஒரு கரையில் கிடந்து விளையாடும். எங்களுக்குக் கறி இவைதான். தோலுக்காக அடித்த காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது குளிர்காலத்துக்கு வேண்டிய கறி மட்டும்.

புல்வெளியில் அவற்றை ஐந்தாறாகப் பிரித்துத் தடிக்காரர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தெரெந்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பெட்டை எதுவும் வழிதவறிக் கலந்திருந்தால் "விடு" என்பார். தடிக்காரன் விலகி வழிவிடுவான். அது கடலைப் பார்த்துத் தத்தித் தத்தி ஓடிவிடும். இவர் வாயைத் திறக்காவிட்டால் தடி இறங்கும்.

பார்க்கிறதுக்கு லேசான வேலை. ஆனால் மூன்று வயதுக் கடுவனும் குட்டி போட்ட பெட்டையும் ஒரே அளவுதான் இருக்கும். ஓடிவந்த களைப்பில் இரண்டும் நனைந்த மூட்டை மாதிரி புல்லில் கிடந்து மூச்சு வாங்கும். வித்தியாசம் மீசையில் இருக்கிறது. இளவட்டத்துக்கு மீசை கறுப்பு. வயதான பெட்டைக்கு மீசை வெளுத்திருக்கும். எங்கள் தேவாலயத்துக்குப் புதிதாக வந்த பாதிரியார் இதைக் கேட்டுவிட்டு, பொம்பளைக்கு மீசை இருப்பதே அதிசயம், அதிலும் நரைத்த மீசையா என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் ஒருநாள் களத்துக்கு வந்து பார்த்தவர் சிரிக்கவில்லை.

பெட்டை ஒன்று விழுந்தால் அதோடு போகாது. கரையில் அதன் குட்டி காத்துக் கிடக்கும். தாய் ஒரு வாரம் கடலில் மேய்ந்துவிட்டு, மடி நிறையப் பாலோடு வந்து கரையில் நின்று கூப்பிடும். ஆயிரம் குட்டி கத்துகிற இரைச்சலில் தன் குட்டியின் குரல் அதற்குத் தெரியும், குட்டிக்கும் தாயின் குரல் தெரியும். அடுத்தவள் குட்டிக்கு எந்தத் தாயும் பால் தராது. பசியில் கிட்டப் போனால் கவ்வித் தூக்கி எறிந்துவிடும். தாய் வராத குட்டி கத்திக் கத்திக் குரல் அடைத்து, ஒருநாள் சும்மா படுத்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குக் கறி இறங்கவில்லை.

அந்த வருஷம் ஜூலை முழுக்கப் புயல். வேட்டை சரியாக நடக்காமல் எல்லார் வீட்டு ஃப்ரீசரும் பாதி காலி. அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டை விழுந்துவிட்டது. தெரெந்தி பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. இன்னொன்று விழுந்தால் இந்தக் கோடைக்கு வேட்டை மூடப்படும் என்று அரசாங்க அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் அதை ஒரு கெட்ட நேரம் என்று விட்டுவிட்டார்கள். இவ்வளவு வருஷமாக ஒரு பெட்டையைக்கூடத் தவறவிடாத மனுஷன், எப்போதாவது கண் பிசகாதா என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்குத்தான் அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் வீட்டில் நடந்த கூத்தெல்லாம் எனக்குத் தெரியும். வாசலில் வந்து நின்ற நரியைப் பார்த்து, தம்பி முறைக்காரன் என்று நினைத்து, "வா அகாஃபோன், சாய் குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டார். காயப்போட்ட என் கோட்டைப் பார்த்து, குளிர்ல ஏன் நிக்கிற, உள்ள வா என்றார். நான் அதையெல்லாம் குறும்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மடச்சி.

பெட்டை விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் ஈரலும் வெங்காயமும் வறுத்து வைத்தேன். தொடவில்லை. என் பின்னல் கூடையிலிருந்து ஒரு கறுப்பு நூலையும் ஒரு வெள்ளை நூலையும் எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, இது என்ன நிறம் என்று கேட்டேன்.

"நல்ல நிறம்," என்றார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கக்கினார். வசந்தத்தில் தீவுக்கு வந்த கண் டாக்டர் பார்த்துவிட்டுக் கண்புரை என்று சொல்லியிருக்கிறார். ஆங்கரேஜ் நகரத்துக்கு வந்தால் எடுத்துவிடலாம், பார்வை திரும்பிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். இவர் என்னிடம் மூச்சு விடவில்லை. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் பாதி. மீதி வேறு. படகில் முழங்கால் நசுங்கியபிறகு அவரால் கரையில் ஓடி மந்தையை மறிக்க முடியாது, தடி வீச முடியாது, குனிந்து தோலுரிக்க முடியாது. களத்தில் அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு இடம்தான். அதையும் விட்டால் ஆம்பிளைகள் களத்துக்குப் போகிற காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றார். "அதைப் பாக்கவும் கண்ணு வேணாம் பாரு" என்று சொல்லி அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அகாஃபோனிடம் போய்ச் சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்று குதித்தேன். அகாஃபோன் இவருடைய சித்தப்பா மகன், களத்துக்குத் தலைவன். சொன்னால் புரிந்துகொள்வான். ஆனால் இந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வேட்டைக்கு மட்டும் நிற்கிறேன், ஃப்ரீசர்கள் நிறையட்டும், அன்றைக்குச் சாயங்காலமே நானே அவனிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறேன் என்றார். அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. இளகின மனசோடு மூளையும் கழன்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த யோசனைக்கு ஒத்துக்கொண்டிருப்பேனா.

யோசனை அவருடையது. முதியோருக்குச் சமைக்கிற கூடத்துக்குக் கடல்நாயின் இதயமும் துடுப்புக்காலும் வாங்க நான் எப்படியும் களத்துக்கு வருகிறவள்தான். இந்தத் தடவை அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மீசையை நான் பார்க்க வேண்டும். பெட்டை என்றால் அவரைத் திட்ட வேண்டும். கடுவன் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் திட்டுவதை யாரும் வித்தியாசமாக நினைக்கப் போவதில்லை என்றார். அதில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

அன்று காலை பனி நன்றாக இறங்கியிருந்தது, மந்தையும் சாந்தமாக வந்தது. தடியோடு நின்றவன் என் தங்கச்சி மகன் மாவ்ரிக். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், கை சுத்தம், ஒரே அடியில் முடிப்பான். முதல் கூட்டத்தில் எல்லாம் கறுத்த மீசை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று தலையைத் திருப்பியது. மீசை பால் வெள்ளை.

"சேத்து பூட்ஸோட கோயிலுக்குள்ள போன மனுசன்தானய்யா நீ," என்றேன்.

"விடு," என்றார் தெரெந்தி, கம்பீரமாக.

மாவ்ரிக் விலகினான். பெட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, என் பூட்ஸை மோந்து பார்த்துவிட்டு ஓடியது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். திருட்டுத்தனம் பலித்துவிட்டதே என்று அவர் பக்கம் பார்த்தேன். மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வரிசையாக நடந்தது. குறட்டையைச் சொன்னேன், ஒரு பெட்டை பிழைத்தது. ஒழுகுகிற கூரையை இரண்டு கோடையாகப் பார்த்துக்கொண்டே இருப்பதைச் சொன்னேன், இன்னொன்று பிழைத்தது. சர்க்கரையைக் கலக்காமல் சாயைக் குடித்துவிட்டுச் சர்க்கரையே போடவில்லை என்று சண்டை பிடிப்பதைச் சொன்னேன். அவருடைய அண்ணனைச் சொன்னேன், அண்ணன் பெண்டாட்டியைச் சொன்னேன். தோலுரிக்கிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்தார்கள். இன்றைக்கு மொத்தக் கணக்கையும் தீர்த்துவிடுகிற உத்தேசமா பெரியம்மா என்று மாவ்ரிக் கேட்டான். நீ உன் வேலையைப் பார் என்றேன். அது திட்டில் சேராது என்று தெரெந்திக்குப் புரிந்ததா என்று ஒரு கணம் பயந்துபோனேன். நல்லவேளை, புரிந்திருந்தது.

அந்த நேரத்தில் பனி கலைந்து வெயில் எட்டிப்பார்த்தது. வெயில் எங்களுக்கு விருந்து, கடல்நாய்க்கு எமன். அந்த அடர்ந்த ரோமத்துக்குள் சூடு ஏறிவிட்டால் அடிக்காமலேயே செத்துப்போகும். சீக்கிரம் முடித்துவிட்டு மிச்சத்தைக் கடலுக்கு விட வேண்டும் என்று அகாஃபோன் அவசரப்படுத்தினான். கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆகஸ்ட் நெருங்கிவிட்டால் பெட்டைகள் அதிகம் கலக்கும். ஒரு பெட்டையைத் திட்டி அனுப்புவதற்குள் அடுத்தது வந்து நின்றது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு தேடுகிறேன். அவர் என்னை ஏமாற்றியதில்லை. கை நீட்டியதில்லை. குடித்துவிட்டு வந்தாலும் பாட்டுத்தான் பாடுவார். பிள்ளை இல்லை என்று ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை, சொல்ல வந்தவர்களையும் வாசலோடு அனுப்பியிருக்கிறார். இத்தனை வருஷமாக நான் பூட்ஸையும் குறட்டையையும் வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டியிருக்கிறேன். மாவ்ரிக்குக்கு நேர் எதிரே ஒரு பெட்டை. வெள்ளை மீசை, கனத்த மடி. பால் கசிந்து வயிற்று ரோமம் ஒட்டிக்கிடந்தது. எதையாவது சொல்ல வேண்டும். என் வாயில் வந்தது இதுதான்:

"அன்னிக்குக் கோயில்ல பக்கத்துல வந்து நின்னேன். நீ வேற யாரோன்னு நெனச்சு வெலகி நின்ன. தலையில புதுப் பச்சைத் துண்டு கட்டிட்டு வந்திருந்தேன்யா. நீ பாக்கணும்னுதான் கட்டினேன்."

அதட்டலாகத்தான் ஆரம்பித்தேன். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. தெரெந்தி திரும்பினார். என் முகத்தைத் தேடினார். அவர் கண்கள் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றன. இது திட்டு இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. மாவ்ரிக் தடியை ஓங்கினான்.

"விடு," என்று அலறினேன். "விடுடா மாவ்ரிக்."

தடி திரும்பிப் புல்லில் விழுந்து மண்ணைப் பெயர்த்தது. பெட்டையின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி. அது அசையாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் திரும்பி ஓடியது.

அகாஃபோன் வேகமாக வந்தான். நேராக என்னிடம்தான் வந்தான். களத்தில் நிற்கிற மனுஷனிடம் பேச்சுக்கொடுத்துக் கெடுக்கலாமா மதினி, காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், தள்ளிப் போய் நில்லுங்கள் என்றான். நியாயமான கோபம். அவனுக்கு வேறெந்தச் சந்தேகமும் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு நாலடி தள்ளிப் போயிருந்தால் தெரெந்தியின் இடம் தெரெந்திக்கே இருந்திருக்கும். ஆட்டத்தான் போனேன். புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சிரு என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன்.

தெரெந்தி தொப்பியைக் கழற்றினார். கோயிலில் கழற்றுகிற மாதிரி.

"அவளை வையாத அகாஃபோன். எனக்கு மீசை தெரியல. மீசை என்ன, உன் மூஞ்சியே தெரியல. அன்னிக்கு விழுந்த பெட்டையும் என்னாலதான். இன்னைக்கு முழுக்க அவதான் பாத்தா. நான் அவ வாயைக் கேட்டுச் சொல்லிட்டிருந்தேன்."

தோலுரிக்கிற இடத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அகாஃபோன் தன் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் தேவலை. அவன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மந்தையைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான். "மதினி, அந்த எடத்துல நீங்க நில்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெரெந்தி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் ஹோண்டா நாலுசக்கர வண்டி நிற்கிற பக்கம் நடக்கத் தொடங்கினார். முழங்காலை இழுத்து இழுத்து நடந்தார். புல் திட்டு ஒன்றில் தடுக்கி ஒரு கையை ஊன்றி எழுந்தார். ஒருத்தரும் போய்ப் பிடிக்கவில்லை. பிடித்தால் அவருக்கு இன்னும் அவமானம் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தை அதற்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மாவ்ரிக் தடியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு அந்த இடம் வேண்டாம். இருபது வருஷம் அவர் நின்று புல் தேய்ந்த இடம் அது.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. போன மனுஷன் திரும்பி வந்துவிட்டார். காற்றில் கையைத் துழாவிக்கொண்டு வந்து, என் தோளைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் என் தோளில் கை வைத்து அவர் நின்றதே இல்லை.

"விமானம் வந்ததும் ஏறிடறேன் உஸ்தி," என்றார். "உன் பச்சைத் துண்டை நான் பாக்கணும். சரி, நீ மீசையைப் பாரு. அதுக பாவம், சூடு தாங்காது."

பார்த்தேன். பார்க்கத்தான் முயற்சி செய்தேன். எதிரே ஆறோ ஏழோ பழுப்பு மூட்டைகள், மூச்சு வாங்குகிற வாய்கள், ஒரே ஈரம், ஒரே கலங்கல். எது கறுப்பு, எது வெள்ளை, ஒன்றும் புரியவில்லை. கையுறையால் கண்ணைத் துடைத்தேன். கையுறையில் கடல்நாய்க் கொழுப்பு. இன்னும் மோசமாகிவிட்டது.

"விடு," என்றேன்.

எதை பெரியம்மா என்று மாவ்ரிக் கேட்டான்.

"எல்லாத்தையும் விடு."

அவன் அகாஃபோனைப் பார்த்தான். அகாஃபோன் போகட்டும் என்று கையை ஆட்டினான். ஆட்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். கடல்நாய்கள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒன்று தத்தியது, அதன் பின்னால் மற்றவை, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சரிவில் இறங்கின. அலைச் சத்தத்தோடு அவை தண்ணீரில் விழுகிற சத்தமும் கேட்டது. தெரெந்தி தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, அத்தனையும் பெட்டையா?" என்று என் காதருகே கேட்டார்.

"எனக்கும் கண்ணு தெரியலய்யா," என்றேன்.